வலது கண்ணுக்கு மட்டும்

காவல் நிலையத்தில், பெண் காவலர் உடனிருக்க, ஆய்வாளர் கேட்டு எழுதிக்கொண்ட வாக்குமூலம்

என் பெயர், என் கணவர் பெயர், கதவு எண் எல்லாம் முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது நாற்பத்தொன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். என் கணவர் தெருமுனையில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். கணவரின் தங்கை எங்களோடுதான் இருக்கிறாள், வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். நான் ஷாம்பூ, சோப்பு, தலைச்சாயம், லோஷன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் விலங்கு அறை உதவியாளராக வேலை பார்க்கிறேன். அங்கே என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘சொட்டு அக்கா’ என்று கேட்டால் வாசல் செக்யூரிட்டி வரைக்கும் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஆய்வாளர் கேட்டதால் அதிலிருந்தே சொல்கிறேன்.

புதிதாக ஒரு ஷாம்பூ செய்தால், அது தப்பித்தவறிக் கண்ணில் பட்டால் எரியுமா, சிவக்குமா, புண்ணாகுமா என்று பார்ப்பதற்காக முதலில் முயலின் கண்ணில் விடுவார்கள். முயலைத் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு பெட்டிக்குள் வைத்து, கீழ் இமையை விரலால் இழுத்து, அது சின்னக் கிண்ணம் மாதிரி ஆனதும் அதற்குள் சொட்டு விட்டு, அதன் பிறகு இரண்டு இமைகளையும் கொஞ்ச நேரம் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கண்ணுக்கு மட்டும்தான். இடது கண்ணை ஒன்றும் செய்யக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல கண் வேண்டும். அதன் பிறகு சிவப்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு என்று விலங்கு அறைக்குப் பொறுப்பான கால்நடை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார். கண் கெட்டுப்போன முயலை ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவார்கள். தூங்க வைப்பது என்றால் திரும்ப எழுந்திருக்காத தூக்கம். கண் கெடாத முயலுக்கு ஓய்வு கொடுத்து, தேறிய பிறகு அடுத்த பொருளுக்கு எடுப்பார்கள். அப்போதும் வலது கண்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கிருந்தவர்கள் முயலின் கழுத்துத் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொட்டு விடுவார்கள். முயல் திமிறும், சொட்டு கன்னத்தில் வழியும், டாக்டர் சத்தம் போடுவார், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் என் முறை வந்தபோது மூக்குத்தண்டில் தொடங்கி இரண்டு காதுக்கும் நடுவே வரைக்கும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக் கொடுத்தேன். உடம்பு தளர்ந்து, பிசைந்த மாவு மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு இமையை இழுத்தேன், சொட்டு சரியாக விழுந்தது. டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். “உங்களுக்கு நல்ல கைராசிம்மா. மத்தவங்களுக்கும் சொல்லிக்குடுங்க” என்றார். அதன் பிறகு அறையில் எல்லோருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதலில் தடவு, பிறகு சொட்டு என்றுதான் சொல்லிக் கொடுப்போம். என் பட்டப்பெயர் அப்படி வந்தது. எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைச் செய்ய மனசு வந்ததா என்று பெண் காவலர் இடையில் கேட்டார். வந்தது. ஒருமுறை ஒரு தலைச்சாயம் வந்தது. சொட்டு விட்ட மறுநாள் முயலின் கருவிழி பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போனது. டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது கடைக்குப் போயிருந்தா எத்தனை பேர் கண்ணு போயிருக்கும், யோசிச்சுப் பாருங்க” என்றார். நான் யோசித்தேன். என் நாத்தனாரிடம் சாயம் பூசிக்கொள்ள வருகிற பெண்கள் கண்ணை மூடி அவள் கையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அவர்களை நினைத்தேன். அந்தச் சாயம் கடைக்கு வரவே இல்லை. அது நல்லதுதான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு வந்ததெல்லாம் ஒரே ஷாம்பூ. ரோஜா வாசனை போட்டு ஒரு தடவை வந்தது, எலுமிச்சை வாசனை போட்டு ஒரு தடவை வந்தது, பச்சையாக இருந்ததை நீலமாக்கி ஒரு தடவை வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “சார், கண்ணுக்கு வாசனை தெரியுமா?” என்று கேட்டேன். டாக்டர் முதலில் சிரித்தார். அதன் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எனக்கும் கேக்கத் தெரியாம இல்லம்மா. நான் கேட்டா வேற டாக்டரைப் பாத்துக்குவாங்க. அவர் இமையை எப்படிப் பிடிப்பாரோ” என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தார். டாக்டர் டீ, காபி எதையும் தொட மாட்டார், வெந்நீர்தான். வயிற்றுக்கு ஆகாது என்பார்.

இந்த வழக்கில் சொல்லப்படும் மூன்று முயல்களும் கடைசி வரிசைக் கூண்டில் இருந்தவை. முயலுக்குப் பேர் வைக்கக் கூடாது என்பது அறையின் விதி, காதின் உள்பக்கம் மையால் எண் எழுதி, மங்கினால் திரும்ப எழுதுவோம். நானும் பேர் வைக்கவில்லை. பெரியது, நடுவிலது, கடைக்குட்டி என்று சொல்லிக்கொள்வேன், அதைப் பேர் என்று யாரும் சொல்ல முடியாது. எதை விட்டாலும் கொஞ்சம் சிவந்து தேறிவிடுகிற கண்கள் அவை மூன்றுக்கும். கண் நன்றாக இருந்ததால் உயிர் தப்பியது, உயிர் தப்பியதால் மறுபடியும் சொட்டு. மற்ற முயல்கள் வந்து போயின, இவை மூன்றும் அங்கேயே இருந்தன. அவற்றின் வலது கண்ணில் நான் எத்தனை தடவை விட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு கம்பெனியில் எல்லோரையும் கூட்டி மேலாளர் பேசினார். இனிமேல் எங்கள் பொருட்களை எந்த உயிரினத்தின் மீதும் சோதிக்கப் போவதில்லை, கண்ணாடித் தட்டில் வளர்க்கிற திசுவை வைத்தே பார்த்துவிடலாம், பாட்டிலில் துள்ளுகிற முயல் படம் போட்டு ‘விலங்குகள் மீது சோதிக்கப்படாதது’ என்று அச்சடிக்கப் போகிறோம் என்றார். நான் கை வலிக்கிற அளவுக்குத் தட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய், இருக்கிற முயல்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “வெளியிலேர்ந்து பார்வையிட வராங்கம்மா. அதுக்குள்ள ரூம் காலியா இருக்கணும்” என்றார். யாருக்காவது வளர்க்கக் கொடுத்துவிடலாமே, நானே சிலவற்றை எடுத்துக்கொள்கிறேனே என்று கேட்டேன். “ஒண்ணு வெளியில போனாலும் எங்கேர்ந்து வந்ததுன்னு கேப்பாங்க. போட்டோ எடுப்பாங்க. நம்ம படத்துக்கு என்ன அர்த்தம்?” என்றார். முயல் படம் போட வேண்டும் என்றால் முயல் இருக்கக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அறையைக் காலி செய்த நாளில் டாக்டர் வேறு யாரையும் ஊசியைத் தொட விடவில்லை, எல்லாவற்றுக்கும் அவரே போட்டார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கடைசி வரிசை மட்டும் மிச்சம் இருந்தது. டாக்டர் அந்தக் கூண்டுக்கு முன்னால் நின்றார், அதன் பிறகு ஊசியைத் தட்டில் வைத்துக் கையுறையைக் கழற்றினார். “நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேம்மா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை. டாக்டருக்கும் நான் செய்த காரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் டீ குடிக்கத்தான் போனார்.

அந்த வாரம் பழைய லேபிள் ஒட்டிய ஷாம்பூ பாட்டில்களை ஊழியர்களுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு அட்டைப்பெட்டி சுமந்து போனார்கள். நான் ஒரு காலிப் பெட்டியில் கந்தைத் துணியை விரித்து மூன்றையும் உள்ளே வைத்து, பக்கவாட்டில் பேனாவால் ஓட்டை போட்டு, மேலே மூன்று பாட்டில்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செக்யூரிட்டி அதிகாரி பார்த்துவிட்டு, “என்னக்கா, ஊருக்கே தலை அலசி விடப் போறீங்களா?” என்றார். “வீட்ல ஒருத்தி பார்லர் வச்சிருக்கா இல்ல, அவ உசுர எடுக்கிறா” என்றேன். அவர் நல்ல மனுஷர், எனக்குக் கனக்கிறதே என்று அவரே பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டார். திருடினாயா என்று கேட்டால், ஆமாம், கேட்காமல் எடுத்தேன். கேட்டும் பார்த்தேன், கொடுக்கவில்லை, அதனால் எடுத்தேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் என் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அண்ணி, நான் கஸ்டமருக்குத் தலை கழுவுற எடத்துல முயல் கட்டி மேய்க்கச் சொல்றீங்களா?” என்று கத்தினாள். என் கணவர் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, “நாய்னாலும் வாசல்ல நின்னு குரைக்கும். இது என்ன பண்ணும்?” என்றார். “உங்களை மாதிரிதான், தின்னுட்டுச் சும்மா உக்காந்திருக்கும்” என்றேன். அதன் பிறகு நடந்ததைச் சொன்னேன். காது எண் இருந்தால் மாட்டிக்கொள்வோமே என்று நான் சொன்னதும் நாத்தனாரே பஞ்சை எடுத்து, மேக்கப் கலைக்கிற லோஷனில் நனைத்து, ஒரே துடைப்பில் துடைத்துவிட்டாள். அந்த லோஷனும் எங்கள் அறையைத் தாண்டிக் கடைக்கு வந்ததுதான். முன்னறை அலமாரியில் துள்ளுகிற முயல் படம் போட்ட புது பாட்டில்கள் வரிசையாக நின்றன, திரைக்குப் பின்னால் இவை மூன்றும் கீரைத்தண்டு தின்றுகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் கைவேலை எல்லாம் முடிந்த பிறகு பெரியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டி இல்லை, சொட்டு இல்லை, அவசரம் இல்லை. சும்மா ஆசைக்கு மூக்கிலிருந்து காது வரைக்கும் தடவிக் கொடுத்தேன். அதன் வலது கண் இறுக மூடிக்கொண்டது. உடம்பு அசையாமல் நின்றது. இடது கண் மட்டும் திறந்தபடி என்னைப் பார்த்தது. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்து விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நடுவிலதைத் தடவினேன், அதுவும் வலது கண்ணை மூடியது. கடைக்குட்டி, என் விரல் மூக்கில் பட்ட உடனே மூடிவிட்டது. சோதனை அறையில் தடவிய கையோடு இமையை நாங்களே இழுத்துப் பிடித்துவிடுவோம், அதனால் அது மூடப் பார்க்கிறது என்று தெரிய வழியே இல்லாமல் போயிருக்கிறது. பெட்டிக்குள் மாவு மாதிரி உட்கார்ந்ததும் சுகத்தில் இல்லை, இனி தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துதான். நான் இரக்கப்பட்டுக் கொடுத்த ஒன்றே ஒன்று அந்தத் தடவல்தான். அதுதான் அவற்றுக்கு எரிச்சல் வரப்போகிறது என்று சொல்லியிருக்கிறது.

அதன் பிறகு வீட்டில் யாரும் தலையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என் கணவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கடையிலிருந்து வந்து, டயர் பசை நாறுகிற விரலால் கடைக்குட்டியின் தாடைக்குக் கீழே சொறிந்து கொடுத்திருக்கிறார். நான் அடிக்காத குறையாக ஓடினேன். ஆனால் அது கழுத்தை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது, இரண்டு கண்ணும் திறந்திருந்தன. “பாத்தியா, என் கைக்குப் பயமில்ல” என்று ஒரே பீற்றல் அவருக்கு. எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு செக்யூரிட்டி அதிகாரியின் மனைவி தலை அலசிக்கொள்ளப் பார்லருக்கு வந்தார். ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தவரின் துண்டு நுனியை நடுவிலது திரைக்கு அடியில் வந்து கடித்து இழுத்திருக்கிறது. அவர் ஆசையாகப் பார்த்துவிட்டுப் போய் வீட்டில் சொன்னார். பெட்டியைத் தூக்கி வைத்தது தாமேதான் என்பது அவர் கணவருக்கு நினைவு வந்து, நான் தம் வேலைக்கு உலை வைத்துவிட்டேன் என்று பயந்து இங்கே வந்து புகார் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

காவலர்கள் வந்து முயல்களையும் என்னையும் இங்கே அழைத்து வந்தார்கள். சந்தையில் வாங்கினேன் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். அது பொய். கொஞ்ச நேரத்தில் மேலாளர் காரில் வந்து இறங்கினார். புகார் கொடுத்தது அவருக்கே தெரியாதாம். வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்து, “அம்மா, சந்தையில வாங்கினதாவே இருக்கட்டும். முயல் உங்களுக்கு, வேலையும் உங்களுக்கு. விஷயம் வெளியில போக வேண்டாம்” என்று தணிந்த குரலில் சொன்னார். அதன் பிறகு உள்ளே வந்து, இவை எங்கள் கம்பெனி முயல்கள் அல்ல, நாங்கள் எந்த விலங்கின் கண்ணிலும் எதையும் விட்டதே இல்லை, செக்யூரிட்டி தவறாகப் புரிந்துகொண்டார் என்று ஆய்வாளரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் என்னைப் பார்த்து, “என்னம்மா, அவர் சொல்றது சரிதானா?” என்று கேட்டார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூன்றையும் எதில் தூக்கிக்கொண்டு போவது என்று யோசிக்கவே தொடங்கிவிட்டேன்.

அப்போது பெண் காவலர் பெரியதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பாவம் பயந்திருக்கிறது என்று தலையைத் தடவிக் கொடுத்தார். அதன் வலது கண் மூடிக்கொண்டது. “ஏம்மா, இதுக்கு இந்தக் கண்ணுல ஏதாவது கோளாறா? தொட்டாலே மூடுதே” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மேலாளர், “பொறந்ததிலேர்ந்தே அப்படி இருக்கும்” என்றார்.

அதன் பிறகு என்னால் முடியவில்லை. “இல்ல சார். அது பொறந்ததிலேர்ந்து வரல. என் கையிலேர்ந்து வந்தது” என்று சொல்லிவிட்டேன். மேலே சொன்னதெல்லாம் அதைத் தொடர்ந்து சொன்னதுதான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் மூன்றும் வீட்டில் இருக்கும், என் வேலையும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இப்போது அவை வழக்குச் சொத்து, கோர்ட் யாரிடம் கொடுக்கச் சொல்கிறதோ அவரிடம்தான் போகும். கம்பெனியிடம் போனால் ஊசிதான். உயிரைக் காப்பாற்றுவது பெரிதா, அவற்றுக்கு நடந்ததை நடந்தது என்று சொல்வது பெரிதா என்று ஆய்வாளர் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தலை அலச ஷாம்பூ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலேயே அதை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது. யார் கண்ணையாவது காப்பாற்ற இன்னொரு கண்ணைக் கேட்டால்கூட நின்று யோசிப்பேன். வாசனை மாற்றுவதற்குக் கேட்டார்கள், நானும் கொடுத்தேன், கடைசியில் கேட்கவே இல்லை என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் என் கை வரவில்லை.

கோர்ட்டுக்கு என் வேண்டுகோள் இது. மேலாளர் ஐயா, இவை கம்பெனி முயல்கள் அல்ல என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் சொன்னது உண்மை என்றால் இவற்றைத் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. நான் சொன்னது உண்மை என்றால் இவற்றைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வரக் கூடாது. எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி. என் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை. எங்கே வைத்தாலும், யார் பார்த்துக்கொண்டாலும், தயவு செய்து அன்பாக நினைத்துத் தலையைத் தடவ வேண்டாம். தாடைக்குக் கீழே என்றால் பரவாயில்லை.

இவ்வளவும் நானாகச் சொன்னது, என்னை யாரும் மிரட்டவும் இல்லை, ஆசை காட்டியதற்கு நான் மசியவும் இல்லை. எழுதியதை ஆய்வாளர் முழுக்கப் படித்துக் காட்டினார், நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

(ஒப்பம்)
உடனிருந்த பெண் காவலர்

ஆய்வாளர் குறிப்பு: மேற்படி முயல்கள் மூன்றும் நீதிமன்ற உத்தரவு வரும் வரை நிலையத்திலேயே, பெண் காவலரின் பொறுப்பில் வைக்கப்படுகின்றன. தலையைத் தொடக் கூடாது என்று தாளில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டப்பட்டுள்ளது.